நாரை ஃபைஃப் ட்ரீ நைனர்

திருச்சி டவர். ஆனி பிறந்து இரண்டாம் நாள்,
விடிந்தும் விடியாமல்.
"நாரை ஃபைஃப் ட்ரீ நைனர்" என்றது ஒரு குரல்.

எங்கள் பாஷையில் மூன்று ட்ரீ, ஒன்பது நைனர்.
இரைச்சலில் எண் பிசகக் கூடாது.
காந்தி மார்க்கெட்டில் ஒருமுறை
கத்தரிக்காய் கிலோ நைனர்ட்டியா என்று கேட்டு
முறைப்பு வாங்கினேன்.

உயரம் சொன்னேன், திருப்பிச் சொன்னான்.
காற்று சொன்னேன், திருப்பிச் சொன்னான்.
ஆள் யாரோ.
ரன்வேயை இழுக்கிற இழுப்பில்
நீடாமங்கலம் பக்கமோ என்று ஒரு சந்தேகம்.

அப்புறம், விதியில் இல்லாத ஒரு வரி:
"முக்கொம்புக்குத் தண்ணி வந்துருச்சு மேடம்."

கோட்டூரில் அக்காவின் வயல்
வாய் பிளந்து கிடக்கிறது.
இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும்.

தெளிவாகத்தான் கேட்டது.
பொத்தானை அழுத்தி,
"சே அகெய்ன்" என்றேன்.