ஏழாவது வரியிலிருந்து

பள்ளிப்பட்டில், டயர் கடைக்கு மேலே, ஒரு வாடகை அறை.
கீழே பஞ்சர் ஒட்டுகிறார்கள்.
மேலே நான் காட்டை டேட்டாபேஸில் ஏற்றுகிறேன்.
பதினாலு வருஷத்துக் கணக்கெடுப்புத் தாள்கள்
நாலு அரிசிச் சாக்குகளில் வந்திறங்கின.
சிலவற்றில் மழையும் கையெழுத்திட்டிருக்கிறது.
ஒன்றில் நசுங்கிய உண்ணி,
தேதிக்குப் பக்கத்தில், முற்றுப்புள்ளி மாதிரி.

முதல் நாள் சுலபமாகத்தான் இருந்தது.
கட்டம் ஒரு அட்டவணை. வருகை ஒரு அட்டவணை.
செடிக்கு ஒன்று, பார்த்தவருக்கு ஒன்று.
எல்லாவற்றையும் முடிச்சுப் போட நடுவில் எண்ணிக்கை.
டீ ஆறுவதற்குள் வரைந்துவிட்டேன்.

பிறகு பதினேழாம் கட்டம் வந்தது.
பத்துக்குப் பத்து மீட்டர், நாலு முளை.
மூன்று தமிழ்நாட்டில்,
ஒன்று ஆந்திராவில்.
‘மாநிலம்’ என்ற பத்தியில் ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
ஒரு பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்திருந்துவிட்டு
மாநிலத்தைக் கட்டத்திடமிருந்து பிடுங்கி
முளைக்குக் கொடுத்தேன்.

லோகநாதம் ‘புருசு’ என்று எழுதியிருக்கிறார்.
அதே மரம் தேசம்மாவுக்கு ‘பில்லுடு’,
நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்து போனவள்.
இருவரையும் ஒரே எண்ணில் கட்டினேன்.
எண்ணுக்கு மொழி கிடையாது, தைரியமாகக் கட்டலாம்.
வெள்வேலின் லத்தீன் பெயரோ பாதியில் மாறியிருந்தது:
கடல் தாண்டி எங்கோ ஒரு மாநாட்டில்
கை தூக்கி முடிவெடுத்தார்களாம்.
அன்றைக்கும் இங்கே அது முள்ளோடுதான் நின்றது,
அன்றைக்கும் ஆடு அதன் காயைத் தின்றது.
பழைய பெயரை நான் அழிக்கவில்லை;
இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை என்று
இரண்டு பத்தி போட்டு உட்காரவைத்தேன்.

தப்பு நடந்தது முப்பத்தொன்றில்.
வரைபடத்துக் கோடு செங்குத்தாக விழுந்து தரையைத் தொட்டது.
அந்த ஆகஸ்டில் செம்மரக் கன்று பூஜ்யம்,
வெப்பாலை பூஜ்யம், உசில் பூஜ்யம்.
அறிக்கை எழுதுகிறவர்கள் பார்த்தால்
ஒரே வாக்கியத்தில் காட்டை அடக்கம் செய்துவிடுவார்கள்.
சாக்கைக் கொட்டித் தாளைத் தேடினேன்.
ஆறு வரி வரைக்கும் முனிரத்தினத்தின் குண்டு எழுத்து.
ஏழிலிருந்து வெறும் காகிதம்.

போன் செய்தேன்.
“ஏழுலயா?”
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“கோடாலிச் சத்தம் மேடம். ஒண்ணு ரெண்டு இல்ல,
பத்துப் பதினஞ்சு இருக்கும்.
கயித்தக்கூட சுருட்டல, இறங்கிட்டேன்.
அந்தக் கயித்துக்கும் சம்பளத்துல பிடிச்சிக்கிட்டாங்க.”

வெற்றிடங்களையெல்லாம் பூஜ்யமாக்கி ஏற்றியவள் நான்தான்,
ஒரே கட்டளையில், ஒரு சொடக்கு நேரத்தில்.
இல்லை என்பது ஒன்று.
பார்க்கவில்லை என்பது வேறு.
இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பூஜ்யங்களில்
எண்ணிப் பார்த்தவை எவை,
உயிருக்குப் பயந்து இறங்கியவை எவை என்று
தாள் தாளாகப் பிரித்து முடிக்கப் பதினோரு ராத்திரி.
‘நிறுத்திய காரணம்’ என்று புதுப் பத்தி ஒன்று.
மழை. மலைத்தேனீ. காய்ச்சல். தேர்தல் வேலை.
கோடாலி.

நேற்று முனிரத்தினம் மறுபடி மேலே போயிருக்கிறார்.
சிக்னல் அறுந்து அறுந்து வந்தது.
“முப்பத்தொண்ணுல நிக்கிறேன் மேடம்,
ஏழுலேருந்து ஆரம்பிக்கட்டா?”

இல்லை முனிரத்தினம், ஒன்றிலிருந்து.
இது வேறு வருகை, வேறு தேதி.
அந்த ஏழாவது வரியை
யாரும் நிரப்ப முடியாதபடி பூட்டிவிட்டேன்,
நான் உட்பட.

சரி என்றாரா, கேட்கவில்லையா, தெரியாது.
போனைச் சட்டைப் பையில் போட்டவர் அணைக்க மறந்துவிட்டார்.
துணி உரசும் சத்தம், சருகு மிதிபடும் சத்தம்,
அப்புறம், யாருக்கும் இல்லாமல், உரக்க:
ஒகட்டி.
ரெண்டு.
மூடு.