முதல் வாரப் பெட்டி

இரவு பத்தேகால்.
புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி
எங்கள் நான்காம் மாடிக்கு நேரே வந்ததும்
தன் கண்ணாடிகளை மங்கலாக்கிக்கொண்டு போகிறது,
யார் வீட்டையும் பார்க்கக்கூடாதாம்.
நான் மடிக்கணினியைத் திறக்கிறேன்.

"வணக்கம், ஓ!" என்கிறது பாடத்தளம்.
செங்கமலம் டி/ஓ தங்கராசு என்பதை
எங்கே வெட்டுவதென்று அதற்குத் தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடமாக
நூல்களைப் பெயர் பார்த்து அடுக்குகிறவள் நான்.
என்னை அடுக்க ஓரெழுத்து போதுமென்று
அது முடிவுசெய்துவிட்டது.

மேலாளருக்கு வேண்டியது மணிக்கணக்கு.
போன வருடம் காட்டினேன்:
காணொளியை ஓடவிட்டுக் கீரை ஆய்ந்தேன்.
நடுநடுவே நான்கு விடைகள் வரும்.
மூன்றாவதைத் தொட்டால் பெரும்பாலும் சரி.

இந்த வருடம் காணொளி இல்லை.
முதல் வாரம் முழுக்க ஒரு வெள்ளைப் பெட்டி,
அதன் தலையில் ஒரு வரி:
உங்கள் வேலையில் எது உங்களுக்குப் பிடிபடவில்லை?

எனக்கா?
'தரவு மேலாண்மை' என்று எழுதினேன். அழித்தேன்.
'வாசகர் ஈடுபாடு'. அதையும் அழித்தேன்.
கூட்டத்துக்குப் போட்டுப் போகிற சட்டைகள் அவை.
பெட்டிக்குள் சின்னக் கோடு
விழித்தது, மூடியது, விழித்தது,
அவசரமே இல்லாமல்.
மூன்று இரவு.

ஞாயிறு மதியம் ஒருவர் வந்தார்.
துவாஸ் கப்பல் பட்டறை, ஊர் அறந்தாங்கிப் பக்கம்,
பெயர் அடைக்கலம்.
மகள் பிறந்து ஒன்பது நாள்.
குழந்தைப் பெயர்கள் புத்தகம் வேண்டும்.
தேடுதிரையில் தானே அடித்துப் பார்த்திருக்கிறார்,
அந்த விசைப்பலகைக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தில்:
'எல்' போட்டு ஒரு குழந்தை,
'இசட்எச்' போட்டு ஒரு குழந்தை,
'தி'க்குப் பக்கத்தில் 'எச்' வைத்தும் வைக்காமலும்.
எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.
"இங்க இல்லைங்களாக்கா?" என்றார்,
தப்பு தன்னுடையதுபோல.

பதினோரு தப்படி தள்ளி இருந்தது புத்தகம்.
என் கால்களுக்குத் தெரியும்.
திரைக்குத் தெரியாது.

அன்றிரவு பெட்டியில் எழுதினேன்:
ழ.
அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன்.

பயிற்றுநர் ருக்ஸானாவின் முகம் நான் பார்த்ததில்லை.
விளக்கம் வருமென்று காத்திருந்தேன், கேள்வி வந்தது:
அவர் எத்தனை விதமாக அடித்தார்?
தெரியாது.
மறுநாள் கணினிப் பிரிவில் கேட்டு வாங்கினேன்,
வெறுங்கையோடு திரும்பிய தேடல்களின் பட்டியலை.
நாற்பத்தாறு பக்கம்.
வாழை, மழலை, தமிழ்கூட,
இவ்வளவு பேர் தட்டிய கதவுக்கு
இந்தப் பக்கம் உட்கார்ந்து
நான் தேதிமுத்திரை சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெம்பனிஸிலிருந்து சியூ ஹூன் எழுதினாள்:
அவளுடைய குடும்பப்பெயர் வீட்டில் டான், பள்ளியில் சென்,
எழுத்து ஒன்றுதான்.
ஜூரோங்கின் ஹிதாயா ஜாவி நூல்களைப் பற்றி
நள்ளிரவு தாண்டி ஒரு நீளப் புலம்பல்.
யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.
அவரவர் விழுந்த பள்ளத்தைக் காட்டினோம்,
பக்கத்துப் பள்ளத்தின் ஆழத்தை எட்டிப் பார்த்தோம்.
எதைப் படிக்கலாமென்று தளம் கேட்டபோது
முதல்முறையாக எனக்குப் பதில் இருந்தது,
பசிக்கிறவளுக்குப் பட்டியல் எதற்கு?

ஆறாம் வாரம்
ஒரு ழவுக்கு ஏழு வாசல் வைத்தேன்.
எந்த வாசலில் தட்டினாலும்
அதே அலமாரி.

அடைக்கலம் திரும்ப வரவில்லை.
விடுதி மாற்றியிருப்பார்கள்.
புத்தகம் மட்டும் வேறொரு கிளையின் பெட்டியில் விழுந்து
சரியான தேதிக்கு வந்து சேர்ந்தது.
மகளுக்கு என்ன பெயர் வைத்தாரோ.
அதில் ழ இருக்கட்டும் என்று நினைத்தேன்,
பாவம் வேண்டாம் என்றும்.

கடைசிப் பக்கத்திலும் அதே பெட்டி.
அடுத்து?
ள என்று அடித்தேன்.
கொஞ்சம் யோசித்து, ற.

"நன்றி, ஓ!" என்றது தளம்.
ஓ, என்றேன் நானும்.
துணிதுவைக்கும் இயந்திரம் எப்போதோ நின்றிருந்தது.