முப்பத்தொன்றாம் நாள்

தொலைபேசியில் நீ சொன்னது இவ்வளவுதான், அலோயிஸ்:
"உள்ளங்கை கொஞ்சம் சிவந்திருக்கு.
வாளி தூக்கினதால் இருக்கும்."

எந்த வாளி?
புறாக்கள் இருந்தால் ஆகாது என்று மருத்துவமனையில் சொன்ன அன்றே
அத்தனையையும் விற்றாயிற்று.
யாருக்குத் தண்ணீர் சுமக்கிறாய்?
கதோவிட்சே சுரங்கங்களில்
உன்னைப் போல் பொய் சொல்லத் தெரியாதவன் எவனுமில்லை.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய அட்டையைப் பார்த்தேன்.
உள்ளங்கை. உள்ளங்கால். காதுமடலின் பின்புறம்.
"காதுக்குப் பின்னால் அரிக்கிறதா?"
பதில் வரவில்லை.
சொறியும் சத்தம் வந்தது.

"வயிறு?"
"நேற்று முட்டைக்கோசு."
"எத்தனை தடவை போனாய்?"
"எண்ணிக்கொண்டிருக்க நான் என்ன குழந்தையா?"
அதற்குள் ஒரு காலில் பூட்ஸை மாட்டியிருந்தேன்.

நவம்பர் மூடுபனியில் கார் ஓட்டியபடி கணக்குப் போட்டேன்.
அப்பாவின் வீட்டுக்காக நாம் பேசாதிருந்தது பதினொரு வருடம்.
நான் இயந்திரத்துக்குக் கை நீட்டிப் படுத்திருந்தது நான்கு மணி நேரம்.
உனக்குப் போனது ஒரே ஒரு பை,
நீர்த்த தக்காளிச் சூப்பின் நிறத்தில்.
அதில் என் கோபமும் கலந்து போயிருக்குமோ?
உன் எலும்புக்குள் குடியேறி
மூன்று வாரம் நல்ல பிள்ளையாய் இருந்துவிட்டு,
ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை விரட்டக் கிளம்பிவிட்டதோ?

டாக்டர் குஷேல் உன் கையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
வெளுத்தது. மறுபடி சிவந்தது.
"உங்கள் செல்களுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை,
அவ்வளவுதான்" என்றார் என்னிடம்.
ஸ்டீராய்டு எழுதிக்கொண்டே
"இன்னும் ஒரு வாரம் மறைத்திருந்தால் குடல் உரிந்திருக்கும்.
ஒரேயடியாக அடக்கவும் மாட்டேன்.
மிச்சமிருக்கும் புற்றைத் தேடித் தின்பதும்
இதே சண்டைதான்."

நீ என்னைப் பார்த்தாய்.
"சின்ன வயதிலேயே கடிப்பாள்" என்றாய்.

இப்போது மே மாதம்.
உன் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைச் சரிகை ஓடுகிறது;
அதற்கும் ஒரு கழுவல் மருந்து.
கண்ணில் ஈரமே ஊறுவதில்லை.

காலையில்,
விற்ற புறாக்களில் ஒன்று, அந்தச் சாம்பல் பெட்டை,
எந்த ஊரிலிருந்தோ திரும்பி வந்து
வெறுங்கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
நீ வெளியே போகக்கூடாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
இமைகளை இறுக்கி இறுக்கித் திறக்கிறாய்.

தலையைச் சாய், அலோயிஸ்.
இடது கண்ணில் இரண்டு சொட்டு.
வலதில் இரண்டு.
வழியட்டும், துடைக்காதே.