செயப்பாட்டு வினை

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி எங்களுடையது.
எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்கு.
நான் செயலாளர். போர்டு கூடினால்
நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன்.
பதினோரு வருடமாக அதில் ஒருவரும் ஒன்றும் செய்ததில்லை.
எல்லாம் செய்யப்பட்டது.
ஒப்பந்தம் வழங்கப்பட்டது, கடன் தள்ளப்பட்டது,
கேள்வி எழுப்பப்பட்டு விளக்கம் அளிக்கப்பட்டது,
வறுத்த முந்திரி பரிமாறப்பட்டது
(இதை மட்டும் எழுதமாட்டேன்).

ஸ்டெல்லா புஷ்பம் வந்தது சட்டம் கேட்டதால்.
சுயேச்சை இயக்குநர் ஒருவர் வேண்டும்,
பெண்ணாகவும் இருந்துவிட்டால்
ஒரே கல்லில் இரண்டு படிவம்.
கொழிஞ்சாம்பாறைக்காரர். இருபத்தாறு வருடம்
வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டி
கோயம்புத்தூருக்குப் போய்
அடுத்தவர் காசுக்கு எப்படிக் காவல் இருப்பது என்று
பாடம் நடத்தியவர்.
ஆய்வுப் பட்டம், ஓடிப்போன சீட்டுக் கம்பெனிகளைப் பற்றி.
நானூறு வீடு ஏறினாராம்.
பணத்தைத் திருப்பித் தர வந்தவள் என்று நினைத்து
எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்களாம்.
"அதில் உட்காரத்தான் கூச்சமாக இருந்தது" என்றார்,
லிஃப்ட் வருவதற்குள்.

மார்க்கெட்டிங் வகுப்பில் ஜன்னல் விளிம்பிலும் ஆள் இருக்கும்.
இவருடையதில் ஏழு பேர்.
ஒரு வருடம் நாலாகக் குறைந்தது;
கோரம் இல்லை என்று பாடத்தையே நிறுத்தினார்கள்.
அதைச் சொல்லிச் சிரித்தார்:
"ஒன்பது பேர் உட்கார்ந்து, அதில் ஆறு பேர்
ஒரே கல்யாண ஆல்பத்தில் நின்றால்
அதுவும் கோரம்தானே."
எங்கள் போர்டில் ஒன்பது பேர்.
நான் ஃபைலைப் பார்த்தேன்.

முதல் கூட்டத்தின் வரைவு திரும்பி வந்தது.
ஒவ்வொரு 'பட்டது' பக்கத்திலும்
பென்சிலால், பொடி எழுத்தில்:
யாரால்?
முப்பத்தொரு இடம். எண்ணினேன்.

பழைய இரும்பு லாரி லாரியாக வரும்.
வாசலில் எடைமேடை, சேர்மன் மருமகனுடையது.
டெண்டர் இல்லாமலா? உண்டு.
மூன்று கவர், ஒரே கையெழுத்து.
அந்த மார்ச் மாதம், காற்று
வாளையார்ப் பக்கமிருந்து மண்ணை வாரி இறைத்த காலையில்,
அவர் வந்த ஆட்டோ நேராக மேடைமேல் ஏறி நின்றது.
இவரோடு ஐந்நூற்றிருபது.
இவர் இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, மறுபடி பார்த்தால்
நானூற்று நாற்பது.
மேலே வந்து உட்கார்ந்ததும் சொன்னார்:
"வீட்டிலிருந்து கிளம்பும்போது ஐம்பத்தாறு கிலோ.
உங்கள் வாசலில் எண்பது ஆகிவிட்டேன்.
ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.
குறிப்பில் ஏற்றுங்கள்."

"அது லாரிக்கு வைத்த மேடை, மேடம்" என்றார் சேர்மன்.
ஆல்பத்தில் நிற்பவர்கள் சிரித்தார்கள்.
தணிக்கையாளர் முந்திரியில் உடைந்ததாகத் தேடினார்.

அன்று ராத்திரி நான் எழுதினேன்:
எடைமேடை தொடர்பாகக் கருத்து ஒன்று தெரிவிக்கப்பட்டது.
அது குறித்துக்கொள்ளப்பட்டது.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

இரண்டாம் முறைக்கு அவர் பெயர் முன்மொழியப்படவில்லை.
(யாரால்?)
கடைசி நாள் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார்.
பார்க்கும் உரிமை உண்டு, கொடுத்தேன்.
நின்றபடியே புரட்டினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்:
மகளுக்கு இன்ஜினியரிங், இரண்டாம் வருடம்.
பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்து
'ஏகமனதாக' என்பதற்கு முன்னால்
'அன்' என்று இரண்டே எழுத்து போட்டார்.
புணர்ச்சியை என்னிடம் விட்டுவிட்டு
நாலரை பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் வகுப்பு இருந்ததாம்.

எண் இட்டு பைண்ட் செய்த புத்தகம்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டைக் கிழிக்க முடியாது.
ஆனால் பென்சில்தான், அழிக்கலாம்.
ரப்பர் என் மேசையிலேயே இருக்கிறது.
அழிக்கவில்லை. துணிச்சல் என்று
எடுத்துக்கொள்ள வேண்டாம்.
யாரும் இன்னும் சொல்லவில்லை.