வாக்கியம் ஒன்பது

குத்தாயிசி நகரில், ஒரு சின்ன அறையில்
நெஸ்தான் பதினொரு வாக்கியம் பேசினாள்.
நூற்று நாற்பது லரி,
வரி போக நூற்றுப் பன்னிரண்டு.
"இன்னும் கொஞ்சம் அன்பா," என்றார்
அமைச்சகத்து ஆள், ஏழாவது முறை.
அன்பாகத்தான் பேசினாள்.

நவம்பர். மருத்துவமனைப் பின்வாசல்.
மூன்றாம் மாடி ஜன்னலில்
அண்ணன் கை அசைந்த மாதிரி இருந்தது.
ஒலிபெருக்கி கட்டிய வெள்ளை வேன்
வளைவில் ஊர்ந்து வந்தது:

உங்கள் அன்புக்குரியவர்களுக்காக
விலகி நில்லுங்கள்.

வேன் கண்ணாடியைத் தட்டினாள்.
கொஞ்சம் நிறுத்துங்க,
அவன் ஏதோ சொல்றான்.

டிரைவர் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு
ஒரு தாளைக் காட்டினார். முத்திரை இருந்தது.
ஆறு மணிவரைக்கும் காசு கட்டியாச்சு.

அப்போது நாலரை.
வாயை மூடிக்கொண்டு நின்றாள்,
தன் குரல்
தெருமுனை திரும்பும்வரை.