ஒரு மீட்டர் பத்து

ஆரல்வாய்மொழிக் காற்றில்
தடைக்கம்புகள் தாமாகவே விழும்.
எடுத்து வைக்கிற வேலை எனக்கு.

வகுப்பில் பதினொரு பெண்கள்,
ஒரே ஒரு பையன், பிளசன்.
குதிரைக்கு அதெல்லாம் கணக்கில்லை;
முதுகில் ஒரு பாரம், கடிவாளத்தில் ஒரு கை.
போட்டியிலும் ஆண் பெண் தனி வரிசை கிடையாது,
ஒரே கம்பு, ஒரே கடிகாரம்.

பிளஸ் டூ வந்தது. நாலு பேர் நின்றார்கள்.
ஒருத்திக்கு நிச்சயம்.
ஒருத்தியின் அம்மாவிடம் யாரோ,
"கால அகட்டி இருந்தா
பொறவு பிள்ள நிக்காது, கேட்டியா?"
மூன்று குட்டி ஈன்ற எங்கள் மட்டக்குதிரை
வேலியோரம் புல் தின்றுகொண்டிருந்தது.

பெங்களூர் லாரி புறப்பட்டபோது
குதிரையோடு ஏறியது பிளசன் மட்டும்.
நல்ல பையன்தான்.
கடைசித் தடையில் மட்டும் கண்ணை மூடுவான்.

அஜிஷா மூடியதே இல்லை.
மார்த்தாண்டத்தில்
செல்போன் கடையில் இருக்கிறாள் இப்போது.

நேற்று பஸ்ஸில் பார்த்தேன்.
உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடிக்காமல் நின்றாள்,
குதிகால் தாழ்த்தி,
முழங்கால் லேசாய் மடக்கி,
பார்வை நேராக,
வில்லுக்குறி வளைவு முழுக்க.