கரைவுக் கழிவு

முந்நூறு பார் போட்டால்
இருபது தண்ணியாய்ப் போகும்.
அதை எழுத நோட்டில் ஒரு பத்தி உண்டு:
கரைவுக் கழிவு.
முட்டத்து ஐஸ் பிளாண்டில்
ஒன்பது வருஷமாய் நான் நிரப்புவது.

வியாழன் ராத்திரி காற்று வந்தது.
தகரக் கூரையைக் கொத்தாய்ப் பிடித்து
யாரோ உலுக்குவது மாதிரி.
முதலில் போனது கரண்ட்.
அப்புறம் போனவற்றை
ஒவ்வொன்றாகத்தான் கேள்விப்பட்டோம்.

குலசேகரத்தில் ரப்பர் மரங்கள்
ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கின்றனவாம்,
முறிந்த இடத்தில் பால் வடிய.
லோன் எடுத்து வாழை வைத்த தோவாளைக்காரர்
குலை தள்ளிய நாலாயிரமும் படுத்துவிட்டதைப்
போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.
சிரிப்பு நிற்கவில்லை.
நான்தான் வைத்தேன்.

தங்கலுக்குப் போனது பதினொரு போட்டு.
நாலு கல்பேனியில் ஒதுங்கியதாய்ச் சொன்னார்கள்.
அது எந்தப் பக்கம் என்று கேட்ட பெண்களுக்கு
பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
அட்லஸை விரித்துக் காட்டினான்.
ஒரு புள்ளி, அச்சுப் பிழைபோல.
மற்ற ஏழைப் பற்றி
வயர்லெஸ் இரைந்ததே தவிரப் பேசவில்லை.

மீன் இல்லையென்றால்
ஏலம் விளிக்கும் ரெஜிஸுக்குத் தொண்டை தேவையில்லை.
லோடு ஆட்டோக்கள் வாய் பிளந்து நின்றன.
அருளம்மாள் கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.
செவ்வாய்க்கிழமைக் குழுக்கடன் மட்டும்
செவ்வாய்க்கிழமையே வந்து நின்றது,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

அதற்கு முந்தின ஞாயிறு,
ஜெனரேட்டரை நிறுத்து, டீசல் தின்னுது
என்று ஓனர் சொல்லி ஒரு மணி நேரம்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
பிணவறைப் பெட்டிகள் நிறைஞ்சு போச்சு,
நாப்பது பார் வேணும்.

உடைச்சா, முழுசா?
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்து
உடைச்சே குடுங்க என்றது.

பனியடிமைதான் அரவையில் தள்ளினான்.
அவன் மச்சான் அந்த ஏழில் ஒன்றில்.
சூரைக்குக்கூட இவ்வளவு பொடியாய்
அவன் அரைத்து நான் பார்த்ததில்லை.

நாற்பது பார்.
ரேட்?
ஓனர் வெளியே கடலைப் பார்த்தார்.
பற்றில் எழுதப் பெயர் இல்லை.
வரவில் எழுதப் பணம் இல்லை.
இரண்டு நாள் அந்த வரி வெறுமையாய்க் கிடந்தது.
பிறகு எழுதினேன்:
கரைவுக் கழிவு, நாற்பது.

மாசக் கடைசியில்
மார்த்தாண்டத்து ஆடிட்டர் வந்தார்.
விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு,
இத்தனை மழையில, இந்தக் குளிருல
இவ்வளவு எப்படிக் கரைஞ்சுது
என்று கேட்டார்.